பத்தாயிரம் பேர் சொன்ன ஒரே பதில்

துலா ஒரு சந்தேகப் பிராணி. பெற்றவன் நான்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

யார் எதைச் சொன்னாலும் ஒருதடவை முகர்ந்து பார்க்கும். சொந்தமாகச் சொன்னதா, யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்களா என்று பிரித்து வைக்கும். சென்னையில் மூன்று வருஷம் உட்கார்ந்து அதற்கு நிரல் எழுதினேன். முடித்த அன்று எங்கள் இயக்குநர் வாசுகி மேடம் தன் கையால் எனக்குக் காபி கலந்து கொடுத்தார். காபி நன்றாக இல்லை. ஆனால் அவர் அதுவரை யாருக்கும் கலந்து கொடுத்ததில்லை.

எதற்கு இத்தனை சந்தேகம் என்று கேட்பீர்கள். 2052இல் மக்கள் முன்மொழிவுச் சட்டம் வந்தது. இன்ன சட்டம் வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். தொண்ணூறு நாளில் மாவட்டத்தில் இருபதாயிரம் பேர் சேர்ந்துகொண்டால் சட்டசபை அதை எடுத்து வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். சேராவிட்டால் அதே விஷயத்தை ஐந்து வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடைமுறைக்கு வந்தபோதுதான் கூத்து ஆரம்பித்தது.

முதலில் கைரேகை கேட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரேகை கிடையாது, உப்பு தின்றுவிடும். செங்கல் சூளையிலும் அப்படித்தான். எவருக்குச் சட்டம் அவசரமாகத் தேவைப்பட்டதோ அவர்களுடைய விரலை இயந்திரம் ஏற்றுக்கொள்ளவில்லை. சரி, குரல் போதும் என்று மாற்றினார்கள். உடனே ஒரு கல்லூரி முதலாளி நாலாயிரம் மாணவர்களை மைதானத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, போனில் 'சம்மதம்' சொல்ல வைத்தார். அது சட்டமும் ஆனது. அதனால் ஓர் ஏரி காணாமல் போனது. வாசுகி மேடம் சின்ன வயதில் நீச்சல் பழகிய ஏரி அது.

அதற்குப் பிறகுதான் துலா. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரையும் அது போனில் கூப்பிடும். பழைய பட்டன் போன் போதும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். எந்த ஊர்ப் பேச்சிலும் பேசலாம். மூன்றே கேள்வி: இந்த முன்மொழிவு என்ன கேட்கிறது? யாருக்கு நல்லது? யாருக்காவது கஷ்டம் வருமா? சொந்த வார்த்தையில் பதில் சொன்னால் கையெழுத்து செல்லும். நூறு பேர் ஒரே மாதிரி சொன்னால் 'ஒப்பித்தல்' என்று முத்திரை குத்தித் தள்ளிவிடும். இதைவிட எளிமையாக, இதைவிட நியாயமாக ஒன்றைச் செய்ய முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சேர்மத்துரை. சொந்த ஊர் கோவில்பட்டி. ஐந்து மாதங்களுக்கு முன்பு என்னைத் தூத்துக்குடிக்குச் சரிபார்ப்பு அலுவலராக அனுப்பினார்கள். நான் வந்த பிறகு பதிவான முதல் முன்மொழிவு சந்தனமாரியுடையது.

சந்தனமாரிக்கு முப்பத்துமூன்று வயது. உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவள் கேட்டது மூன்றே விஷயம்: ஒவ்வொரு அளத்திலும் முந்நூறு தப்படி நடைக்குள் நிழல், குடிதண்ணீர், கழிப்பறை. போன சித்திரையில் அவளுடைய அக்கா வடிவு பாத்திக்குள்ளேயே விழுந்து இறந்தாள். அன்று நாற்பத்தாறு டிகிரி. உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றார் டாக்டர். தண்ணீர் இல்லாமலா இருந்தது? தூக்குவாளி நிறைய இருந்தது. குடித்தால் ஒதுங்கப் போகவேண்டும். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு செடி கூட இல்லாத வெள்ளைப் பரப்பில் ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள்? அதனால் அளத்துப் பெண்கள் வேலை முடியும் வரை குடிப்பதில்லை. வடிவும் குடிக்கவில்லை.

இதை என் மேஜைக்கு முன்னால் நின்று சந்தனமாரி சொன்னாள். மாவட்டத்தில் குடியிருக்கும் யாரும் சேரலாம், அதிகாரியும் சேரலாம் என்பது விதி. அன்றே நானும் என் பெயரைச் சேர்த்துக்கொண்டேன். துலா என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டது. கேள்வியை எழுதியவனே நான்தானே, பிரமாதமாகத் தேறினேன்.

தொண்ணூறாவது நாள் காலை ஏழு மணிக்கு இறுதிப் பட்டியல் வந்தது. மொத்தம் சேர்ந்தவர்கள் 27,412. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். செல்லுபடியானவை 17,106. ஒப்பித்தல் என்று தள்ளப்பட்டவை 10,306.

தள்ளப்பட்ட பத்தாயிரம் பேரும் உப்பளத்துக்காரர்கள்.

பதிவுகளைத் திறந்து கேட்டேன். முதல் பெண்: "நிழல் வேணும், தண்ணி வேணும், மறைவிடம் வேணும். முந்நூறு தப்படிக்குள்ள வேணும்." அடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னாள். அடுத்து ஒரு கிழவர், பிறகு ஓர் இளம்பெண், எல்லோரும் ஒரு எழுத்து மாறாமல் அதே வாக்கியம். மூன்றாம் கேள்விக்கும் அப்படியே: "கஷ்டம் வரும். அளம் வச்சிருக்கவங்களுக்கு இடம் கொறையும். உயிரு கொறையாது." நன்றாகத்தான் இருந்தது பதில். ஆனால் பத்தாயிரம் பேர் அதைச் சொன்னால் துலா என்ன நினைக்கும்? மைதானமும் பிரியாணியும்தான் ஞாபகத்துக்கு வரும். அதை அப்படித்தான் நான் வளர்த்திருந்தேன்.

மாலை ஐந்து மணிக்குக் கெடு. போனில் சொல்ல மனம் வராமல் வண்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்கே போனேன்.

எட்டு மணிக்கே வெயில் கண்ணைக் குத்தியது. பழைய ஆம்பளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருபத்துநாலு பெண்கள் வரிசையாக நின்று பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த செட்டுக்குத் தலைவி உலகம்மாள். ஐம்பத்துநாலு வயது, கட்டையான உடம்பு, கண் ஓரமெல்லாம் சிவந்து கிடக்கும். அளங்களில் உள்ள மற்ற செட்டுத் தலைவிகளும் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

நான் என் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டு அவளிடம் நீட்டினேன்.

"வேண்டாம் சார், நீங்க குடிங்க" என்றாள். எனக்கு உறைக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சந்தனமாரி பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு வருசமா? அஞ்சு வருசத்துல இங்க இன்னும் எத்தன பேரு விழுவாளுவன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உலகம்மாளைப் பார்த்துக் கேட்டேன். "ஏன்க்கா எல்லாரும் ஒரே மாதிரி சொன்னீங்க? யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"யாரு எழுதிக் கொடுப்பா? நாங்கதான் பேசி முடிவு பண்ணுனோம். மூணு வாரம் சண்ட போட்டோம் சார் அந்த வார்த்தைக்கு. கக்கூசுன்னு சொல்லுவமா, மறைவிடம்னு சொல்லுவமான்னு நாலு நாளு ஓடுச்சு. மேலக்காட்டு செட்டுக்காரிய ஐநூறு தப்படின்னாளுவ. அம்புட்டுத் தூரம் ஓடுததுக்குள்ள என்னாவும்னு கேட்டு முந்நூறுல நிறுத்துனோம்."

"அதுக்கப்புறம் அவங்கவங்க இஷ்டப்படி சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இங்க கணக்கப்பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும்னா ஒரே வாயாத்தான் கேப்போம் சார். ஒருத்தி தலவலிக்குன்னு சொல்லி, இன்னொருத்தி கிறுகிறுன்னு வருதுன்னு சொன்னா போச்சு. நீ சொன்னது வேற, அவ சொன்னது வேற, ரெண்டு பேரும் பொய் சொல்லுதீயன்னு விரட்டிருவாரு. பதினொரு வருசத்துக்கு முந்தி பொன்னுத்தாயின்னு ஒருத்தி ஒரே ஒரு வார்த்தையத்தான் மாத்திச் சொன்னா. அவளத் தனியா பிரிச்சு எடுத்து வேலைய விட்டே நிப்பாட்டிட்டாக. அதுலயிருந்து ஒரு சொல்லு மாறக்கூடாதுன்னு வச்சிருக்கோம். நீங்க அனுப்புன அந்தப் போனுப் பொம்பளையும் கேள்வி மேல கேள்வி கேட்டுதா, இதுவும் ஒரு கணக்கப்பிள்ளதான்னு நெனச்சோம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மாநிலத்திலேயே ஒரு முன்மொழிவை வார்த்தை வார்த்தையாக விவாதித்து முடிவெடுத்த கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று என் பிள்ளை தள்ளியிருக்கிறது. டவுனில் டீக்கடையில் நின்றுகொண்டு 'ஏதோ உப்புக்கு நல்லதாம்' என்று சொன்னவனைத் தேற வைத்திருக்கிறது.

இதற்குள் மற்ற பெண்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள். காரியம் கெட்டுப் போயிற்று என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"அப்பம் கொட்டகைய வரப்புல போடச் சொல்லி எழுதிருக்கே, ஐப்பசி மழையில வரப்புக் கரைஞ்சா கொட்டகை எங்க நிக்கும் சார்?"

"தண்ணித் தொட்டிக்கு மூடி உண்டா? உப்புக் காத்து பட்டா ரெண்டு நாள்ல கரிச்சுப் போவுமே?"

"லாரியில ஏத்துத ஆம்பளையளுக்கும் அதே கக்கூசுதானா?"

"மாசத்துல மூணு நாளு துணி மாத்தணும். உள்ள ஒரு கொக்கியாவது அடிப்பாகளா?"

"முந்நூறு தப்படின்னா யாரு தப்படி? என் காலு குட்டை" என்றாள் ஒருத்தி. அந்த நிலையிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. கைபேசியில் துலாவைத் திறந்து நடுவில் பிடித்தேன். "இப்போ கேட்டதை எல்லாம் இன்னொருதரம் கேளுங்க" என்றேன். கேட்டார்கள். கூடவே புதிதாக ஏழெட்டும் வந்தன. துலா எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னது: ஒப்புமை இல்லை.

பதிலைச் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்க வைக்கலாம். பத்தாயிரம் பேருக்குப் பத்தாயிரம் கேள்வியை எந்த முதலாளி உட்கார்ந்து எழுதுவான்? அதுவும் கொக்கி வேண்டும், மூடி வேண்டும் என்று!

வரப்பிலேயே நின்று வாசுகி மேடத்தைக் கூப்பிட்டேன்.

"கடைசி நாள்ல கேள்வித்தாளை மாத்தறேன்னு சொல்றீங்க, சேர்மத்துரை" என்றார் அவர்.

"உள்ளூருக்கு ஏத்த மாதிரி கேள்வியை மாத்த மாவட்ட அலுவலருக்கு அதிகாரம் இருக்கு மேடம். மூணு கேள்வியை எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு வைக்கிறேன். 'இந்த முன்மொழிவைப் பத்தி நீங்க என்ன கேக்கணும்?' அவ்வளவுதான். நாம அவங்களுக்குப் பரீட்சை வைக்கல. அவங்க நம்மளுக்கு வைக்கட்டும்."

"கேள்வியே இல்லாதவங்க? நல்ல விஷயம்னு நம்பி சேர்ந்தவங்களை வெளியே தள்ளுவீங்களா?"

"யோசிச்சு அஞ்சு மணிக்குள்ள திருப்பிக் கூப்பிடச் சொல்லலாம் மேடம்."

மேடம் அந்த ஏரியை நினைத்துக்கொண்டிருப்பார்.

"செய்யுங்க. ஆனா தள்ளினவங்களுக்கு மட்டும் புதுச் சோதனை வைக்கக்கூடாது. இருபத்தேழாயிரம் பேருக்கும் வைக்கணும். ஏற்கெனவே தேறினவங்களும் மறுபடி தேறணும். சம்மதமா?"

தேறியவர்களில் எத்தனை பேர் கழன்றுகொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? கையில் இருக்கிற பதினேழாயிரமும் போகலாம். சந்தனமாரியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"சம்மதம் மேடம்."

வாசுகி மேடம் கூட ஒத்துக்கொண்டார். உலகம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"தனித்தனியா கேக்கச் சொல்லுதீய. தனித்தனியா கேட்டா தனித்தனியா புடிப்பான். பொன்னுத்தாயி கத இப்பந்தான சொன்னேன்?"

"பேர் எங்கேயும் போகாதுக்கா. கேள்வி மட்டும்தான் பதிவாகும். யார் கேட்டாங்கன்னு முதலாளிக்கோ கணக்கப்பிள்ளைக்கோ தெரியாது. எனக்கே தெரியாது."

"நீங்க சொல்லுதீய. நாளைக்கு நீங்க சென்னைக்குப் போயிருவிய. நாங்க நாளைக்கும் இங்கதான நிப்போம்?"

அவள் சொல்வது நியாயம். பதினொரு வருஷமாக அவர்களைக் காப்பாற்றிய ஒரே ஆயுதத்தை, ஒரு மணி நேரப் பழக்கமுள்ள அதிகாரியின் பேச்சைக் கேட்டு எப்படிக் கீழே போடுவாள்? நான் கைபேசியை அவள் பக்கம் திருப்பினேன்.

"அப்போ நீங்களே இதுகிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க. எதை வேணும்னாலும்."

அவள் கைபேசியை முறைத்தாள். பிறகு குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவது போலச் சத்தமாகக் கேட்டாள்.

"கொட்டகையக் கெட்டி, படம் புடிச்சு கவுர்மெண்டுக்கு அனுப்பிட்டு, மறுநாளே பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாகன்னா என்ன பண்ணுவிய?"

துலா ஒரு நொடி யோசித்தது. "எனக்குத் தெரியாது. முன்மொழிவில் இதற்குப் பதில் இல்லை. உங்கள் கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றது.

உலகம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"ஏட்டி சந்தனம், கேட்டியா? தெரியாதுன்னு சொல்லுது! முப்பது வருசமா அளத்துல நிக்கேன், எந்தக் கணக்கப்பிள்ள வாயிலயும் இந்த வார்த்தை வந்ததில்ல!"

சிரித்து முடித்து மடியிலிருந்து போனை எடுத்தாள். மற்ற செட்டுத் தலைவிகளுக்கு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒரே வாயெல்லாம் இன்னிக்கு வேண்டாம். அவுகவுக மனசுல என்ன இருக்கோ அதக் கேக்கச் சொல்லுங்க. ஆமா, நாந்தான் சொல்லுதேன்." குரல் கொஞ்சம் நடுங்கியது என்பதை நான் கவனித்தேன். அவள் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

பத்து மணிச் சோத்து நேரத்தில் துலா எல்லோரையும் கூப்பிட ஆரம்பித்தது.

நான் அலுவலகத்துக்குத் திரும்பினேன். சந்தனமாரியும் உலகம்மாளும் வேலையை முடித்துவிட்டு நண்பகலில் வந்து சேர்ந்தார்கள். நாற்காலியைக் காட்டியும் சுவர் ஓரமாக நின்றுகொண்டு திரையையே பார்த்தார்கள். சொம்பில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். "இருக்கட்டும் சார்" என்றாள் உலகம்மாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அளங்களிலிருந்து கேள்விகள் மழையாகக் கொட்டின. ஒன்று போல ஒன்று இல்லை. ஒருத்தி, கர்ப்பிணிக்கு உட்கார மேடை உண்டா என்றாள். ஒருவர், நாய் உள்ளே படுத்துக்கொண்டால் யார் விரட்டுவது என்றார். பயத்தில் போனை வைத்துவிட்டவர்களும் இருந்தார்கள். பழைய வாக்கியத்தையே விடாப்பிடியாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனாலும் எண் ஏறிக்கொண்டே போனது.

டவுன் பக்கம் சறுக்கல். "கேள்வியா? ஒண்ணுமில்ல, நல்ல விஷயம்தானே, போட்டு விடுங்க." "சூப்பர், அப்ரூவ் பண்ணிருங்க." ஏற்கெனவே தேறிய ஆறாயிரம் பேர் இப்படிக் கழன்றுகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் துலா பொறுமையாக, ஐந்து மணிக்குள் யோசித்துக் கூப்பிடலாம் என்று சொன்னது. சிலர் கூப்பிட்டார்கள். ஓர் ஆட்டோக்காரர் கேட்டார்: "அந்தக் கக்கூச யாரு கழுவுவா? அதையும் அந்தப் பொம்பளைங்க தலையிலதான கட்டுவீங்க?" சந்தனமாரி முதல்தடவையாக முகம் மலர்ந்தாள்.

நாலு மணிக்கு 19,648.

அதற்கு மேல் எண் நகரவில்லை. தெற்கு அளங்களில் எழுநூறு பேர் போனையே எடுக்கவில்லை. "அங்க இன்னிக்கு லாரி ஏத்துதாக" என்றாள் உலகம்மாள். "போனு சோத்துக் கூடைக்குள்ள கெடக்கும். நாலரைக்குத்தான் கையக் கழுவுவாளுவ."

காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நாலு இருபதுக்கு என் கைபேசி அடித்தது. துலா! நானும் பட்டியலில் இருப்பதை மறந்தே போயிருந்தேன்.

"வணக்கம். உப்பளங்களில் நிழல், குடிநீர், கழிப்பறை முன்மொழிவைப் பற்றி நீங்கள் என்ன கேட்க விரும்புகிறீர்கள்?"

என்ன கேட்பது? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. "எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. முழுமையாக ஆதரிக்கிறேன்" என்றேன்.

"நன்றி. இப்போது உங்கள் கையொப்பம் செல்லாது. ஐந்து மணிக்குள் யோசித்துக் கூப்பிடலாம்."

காலையில் தேறிய கணக்கில் இருந்த என் பெயர் கழிந்து, திரையில் 19,648 என்பது 19,647 ஆனது. சந்தனமாரி திரும்பிப் பார்த்தாள். நான் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

நாலரை. எண் அசையவில்லை. நாலு முப்பத்திரண்டு. 19,651. நாலு முப்பத்தைந்துக்கு 19,720. கூடையைத் திறந்துவிட்டார்கள்! பிறகு எண்களை வாசிக்கவே முடியவில்லை. நாலு நாற்பத்துநாலுக்கு இருபதாயிரத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது.

சந்தனமாரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வடிவக்கா... வடிவக்கா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. எத்தனையோ நாள் கழித்து மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

வாசுகி மேடம் கூப்பிட்டார். "பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அந்தக் கேள்விகளை எல்லாம் வீணாக்காதீங்க. முன்மொழிவோட சேர்த்தே சபைக்கு அனுப்புங்க. அதுக்குப் பதில் சொல்லாம வாக்கெடுப்புக்குப் போகக்கூடாதுன்னு நான் குறிப்பு எழுதறேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க கையெழுத்து செல்லலையாமே?" என்றார். சிரிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

போனை வைத்தபோது உலகம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். தயங்கித் தயங்கி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சார், இங்க பொம்பளைய ஒதுங்க இடம் இருக்கா?"

"இருக்கே! அந்தக் கடைசியில" என்று முன்னால் நடந்தேன்.

பெண்கள் கழிப்பறைக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. ஐந்து மாதமாக அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். பக்கத்தில் ஆண்கள் கழிப்பறை எப்போதும் திறந்திருக்கும். இந்தக் கதவை நான் பார்த்ததே இல்லை. காவலாளியைக் கூப்பிட்டேன். "சாவி சூப்பிரண்டு மேசைல இருக்கும் சார். அவரு கலெக்டர் ஆபீசுக்குப் போயிட்டாரு" என்றார். அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். "எதுத்தாப்புல பேங்குக்கு" என்றார் சாதாரணமாக.

காலையில் பாட்டிலை நீட்டியபோது வேண்டாம் என்றாள். மதியம் சொம்பு தண்ணீர் வைத்தபோதும் இருக்கட்டும் என்றாள். விடியுமுன் அளத்துக்கு வந்தவள் சாயங்காலம் வரை ஒரு வாய் குடிக்கவில்லை, என் அலுவலகத்திலும் குடிக்கவில்லை. இப்போது உறைத்தது.

ஜெனரேட்டர் அறையிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்து வந்து மூன்றாவது அடியில் பூட்டை உடைத்தேன். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு என்மேல் நடவடிக்கை வரலாம், வரட்டும். உலகம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் நடைபாதைக் கோடிக்குப் போய் துலாவைக் கூப்பிட்டேன். மணி நாலு ஐம்பத்தேழு.

"ஒரு கேள்வி இருக்கு" என்றேன். "கழிப்பறை கட்டுவாங்க, சரி. சாவி யார் கையில இருக்கும்?"

துலா ஒரு நொடி யோசித்தது.

"எனக்குத் தெரியாது. முன்மொழிவில் இதற்குப் பதில் இல்லை. இதுவரை யாரும் இதைக் கேட்கவில்லை. உங்கள் கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் கையொப்பம் செல்லும்."

உலகம்மாள் முகம் கழுவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மேஜையில் மதியத்திலிருந்து இருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்குவதை நானும் சந்தனமாரியும் பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு சொம்பை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் கொண்டாங்க சார்" என்றாள்.